மூக்கு சொன்னால்தான் தாய்

கன்று பால் குடிக்கும்போது பசு கழுத்தைத் திருப்பி அதன் வாலடியை முகர்ந்து பார்ப்பதை மாடு வளர்க்கும் எல்லா வீட்டிலும் காணலாம். பார்ப்பவருக்கு அது கொஞ்சல். பசுவுக்கு அது அடையாளச் சோதனை. பழகிய வாசனை என்றால் மடி இளகும். அந்நிய வாசனை என்றால் பின்னங்காலால் உதை விழும்.

தாயை இழந்த கன்றை வேறொரு பசுவிடம் ஊட்டவிடுவதில் உள்ள சிரமமெல்லாம் இந்த மூக்கில்தான் இருக்கிறது. பாலக்காட்டின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலும், இடுக்கியில் மறையூர், காந்தளூர், வட்டவடை மலையூர்களிலும் ஒன்றிரண்டு கறவைகளை வைத்துப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஈன்ற கையோடு சுண்ணாம்புச்சத்து குறைந்து பால் காய்ச்சலில் ஒரு பசு செத்துவிட்டால், தொழுவத்தில் இன்னொரு கறவை நின்றாலும் கன்றுக்கு மடி கிடைப்பது எளிதல்ல.

காரணம், தாய் தன் கன்றை மனதில் பதித்துக்கொள்ளும் வாசல் ஈன்ற முதல் சில மணி நேரமே திறந்திருக்கிறது. கன்று வெளிவரும்போது கருப்பைக் கழுத்தும் பிறப்பு வழியும் விரிகின்றன. அந்தச் சேதி நரம்பு வழியே மூளைக்குப் போக, ஆக்ஸிடாசின் சுரக்கிறது. பனிக்குட நீர் படிந்த ஈர உடலை நக்க நக்க, அந்த வாசனை ‘என் கன்று’ என்று பதிந்துவிடுகிறது. 1983-இல் கெவர்ன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் செம்மறியாடுகளில் இதைச் சோதித்தார்கள். தன் குட்டியோடு ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட ஆட்டின் பிறப்பு வழியைச் செயற்கையாகத் தூண்டியபோது, அது அந்நியக் குட்டியையும் ஏற்றுக்கொண்டது. இன்னொரு முறை ஈன்றதாக அதன் உடல் நம்பிவிட்டது.

இதே உடலியலைக் கொடூரமாகப் பயன்படுத்தியதுதான் ‘பூக்கா’. பால் இறங்குவதற்காக மாட்டின் பிறப்பு வழிக்குள் காற்றை ஊதும் வழக்கம் அது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது.

நம் ஊர்ப் பெரியவர்கள் மூக்கை ஏமாற்ற வேறு வழி கண்டார்கள். கன்று செத்தால் அதன் தோலை உரித்து, வைக்கோல் திணித்து, கறக்கும் நேரத்தில் பசுவின் முன் நிறுத்தினார்கள். அதை நக்கிக்கொண்டே பசு பால் விடும். இன்றைய தெற்கு சூடானின் நூயர் மக்களும் இப்படித் தோல்கன்று செய்வதை மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட் 1940-இல் வெளியான தன் நூலில் எழுதியிருக்கிறார். ஒருவரை ஒருவர் கண்டிராத இரண்டு மக்கள் கூட்டங்கள் ஒரே பாடத்தை மாட்டிடமிருந்தே படித்திருக்கிறார்கள். மங்கோலியாவில் குட்டியை ஒதுக்கும் ஒட்டகத்தின் முன் இசைத்தும் பாடியும் அதன் மனத்தைக் கரைக்கிறார்கள். அந்தச் சடங்கை 2015-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

செத்த கன்றின் தோலை உயிருள்ள கன்றின் முதுகில் சில நாள் போர்த்திவிடுவது இதன் அடுத்த படி. கன்றை இழந்த பசுவும் பசுவை இழந்த கன்றும் ஒரே வாரத்தில் அமைந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. இப்போதுதான் ஈன்ற பசு என்றால் தோல்கூட வேண்டாம். பனிக்குட நீரையும் இளங்கொடியின் ஈரத்தையும் வந்த கன்றின் மேல் பூசி நக்கவிட்டாலே போதும், பெரும்பாலும்.

சொந்தக் கன்று உயிரோடு இருக்கும் பசுவிடம்தான் பொறுமை தேவை. தீவனம் வைத்து, வேண்டுமானால் அணைகயிறு போட்டு, சொந்தக் கன்றை ஒரு பக்கம் ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் பசித்த கன்றை மறுபக்கம் விட வேண்டும். ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அடிக்கவோ அதட்டவோ கூடாது. பயந்த மாட்டின் உடலில் சுரக்கும் அட்ரினலின் பால் இறங்குவதையே தடுத்துவிடும். சில நாளில் தணியும் மாடும் உண்டு, இரண்டு வாரம் இழுக்கும் மாடும் உண்டு. கழிச்சல் உள்ள கன்றை மட்டும் சேர்க்கவே கூடாது. கன்றுக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் வேண்டும். 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். பத்து லிட்டர் கறக்கும் பசு இரண்டு கன்றையும் வளர்த்து வீட்டுக்கும் பால் கொடுக்கும்.

இந்தக் கைப்பழக்கம் மங்கியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1963-இல் மூணாறு அருகே மாட்டுப்பெட்டியில் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கியது. உள்ளூர்ப் பசுக்களோடு பிரௌன் சுவிஸ் காளைகளைக் கலந்து உருவான இனம்தான் சுனந்தினி. காங்கேயம் போன்ற நாட்டுப் பசு கன்று இல்லாவிட்டால் பாலை அடக்கிக்கொள்ளும். கலப்பினமோ கன்று முகம் பாராமலே கறக்கும். பால் பெருகியது, ஏழை வீடுகள் நிமிர்ந்தன. அது பெரிய நன்மை. ஆனால் கறவைக்குக் கன்று தேவையில்லை என்றானபின் தாயில்லாக் கன்றுக்காக மெனக்கெட ஆள் குறைந்தது. காளைக்கன்று என்றால் நிலைமை இன்னும் மோசம். இது நியாயமில்லை.

முன்பே ஈன்ற வளர்ப்புத்தாயால் தர முடியாத ஒன்று உண்டு: சீம்பால். பசுவின் கருப்பையில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கன்றுக்குப் போய்ச் சேர்வதில்லை. சீம்பாலில் வரும் அவற்றைக் கன்றின் குடல் முதல் ஆறு மணி நேரம் நன்றாக ஈர்க்கும். ஒரு நாளுக்குள் அந்தக் கதவு மூடிவிடும். சில நாள் முன்பே ஈன்ற பசுவின் மடியில் அது இருக்காது. அதனால், அடுத்த முறை உங்கள் வீட்டில் நலமான பசு ஈன்றால், அதன் கன்று வயிறு நிறையக் குடித்தபின், வெல்லம் போட்டுச் சீம்பால் காய்ச்சுவதற்கு முன் இரண்டு லிட்டரை எடுத்து ஃப்ரீசரில் வையுங்கள். பக்கத்துத் தொழுவத்தில் ஒரு கன்று தாயை இழக்கும் நாளில், அதைக் கொதிக்கவைக்காமல் வெதுவெதுப்பான நீரில் இளக்கிக் கொடுங்கள்.