பங்களா நாயும் லயத்து நாயும்

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வழியில் இருக்கிறது நான் வளர்ந்த தோட்டம். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பாதைகள். ஒன்று தேயிலை மலைக்குள்ளால் ஏறி, பெரிய துரை பங்களாவின் கேட்டை ஒட்டிப் போகும் குறுக்குப் பாதை. மற்றது ரோட்டோடு சுற்றிப் போவது. மழை பெய்தாலும் நாங்கள் ரோட்டோடுதான் போவோம். கேட்டில் ‘கடி நாய் கவனம்’ என்று பலகை தொங்கியது. உள்ளே இருந்தது ஓர் அல்சேஷன். அதற்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களில் யாரும் கேட்டதில்லை. ‘அல்சேஷன்’ என்ற சொல்லே எங்களை ஓடவைக்கப் போதுமாக இருந்தது. “அது துரை வளத்த சாதி நாயி, நம்மளக் கண்டா ஆகாது” என்பார் அப்பாயி.

அந்த நாய் என்னை ஒருநாளும் கடிக்கவில்லை. என்னைக் கடித்தது எங்கள் லயத்து இஸ்தோப்பில் படுத்திருந்த பழுப்பு நாய். குட்டி போட்டு நான்கு நாளாகியிருந்தது. நான் கிட்டப்போய்க் கையை நீட்டினேன், பிடித்துவிட்டது. அதற்கு யாரும் பலகை தொங்கவிட்டிருக்கவில்லை.

அல்சேஷன் யார் என்று முதலில் பார்ப்போம். அதன் சரியான பெயர் ஜேர்மன் ஷெப்பர்ட், அதாவது ஜேர்மனிய மேய்ப்பு நாய். ஊர் ஊராக இருந்த ஆட்டு மந்தை நாய்களிலிருந்து 1899இல் மாக்ஸ் ஃபொன் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி இந்த இனத்தை வகுத்தார். அவர் பதிவேட்டில் முதலில் ஏறிய நாயின் பெயர் ஹொராண்ட். முதலாம் உலகப் போர் வந்ததும் ஜேர்மன் என்ற சொல்லே பிரித்தானியரின் காதுக்குக் கசந்தது. பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும் எல்லையிலுள்ள அல்சேஸ் பிரதேசத்தின் பெயரை நாய்க்குச் சூட்டினார்கள். நம் மலைகளில் இன்றும் நிலைத்திருப்பது அந்தப் போர்க்காலப் பெயர்தான். பிரித்தானியாவின் நாய் வளர்ப்போர் கழகம் பழைய பெயரைத் திரும்ப ஏற்றது 1977இல்.

தொடக்கத்தில் ‘அல்சேஷன் ஓநாய் நாய்’ என்றும் அதை அழைத்தார்கள். அந்த ஓநாய் என்ற சொல் செய்த வேலையைப் பாருங்கள். இது காட்டு நாய்களோடு கலந்து ஆடுகளைக் கொன்றுவிடும் என்று அஞ்சி, அவுஸ்திரேலியா 1929இல் இதன் இறக்குமதியையே தடுத்தது. ஆடு காக்கப் பிறந்த நாய் ஆட்டைக் கொல்லும் என்று தடை! 1970களில்தான் அது நீங்கியது. இதற்கெல்லாம் முன்பே, 1916இல், ஜேர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்கு வழிகாட்டும் நாய்ப் பயிற்சிப் பள்ளி தொடங்கியிருந்தது. அங்கே சிப்பாய்களின் கைபிடித்து நடந்தவற்றில் இந்த இனமே முக்கியமானது.

மற்ற ‘பயங்கர’ இனங்களின் கதையும் இப்படித்தான். ரொட்வைலர், தென் ஜேர்மனியின் ரொட்வைல் நகரத்தில் மாடு ஓட்டிய, இறைச்சி வண்டி இழுத்த நாய். டோபர்மன், அப்போல்டா நகரத்தில் வரி வசூலித்த டோபர்மன் என்பவர் துணைக்கு வளர்த்தெடுத்தது. பிட்புல்லின் கதை மட்டும் வலி தருவது. மாட்டைக் கட்டிவைத்து நாய்களை ஏவும் விளையாட்டைப் பிரித்தானியா 1835இல் தடைசெய்தது. சூதாடிகள் நாயோடு நாயை மோதவிட்டார்கள். அதற்கென்று வளர்த்த நாய்களின் வழிவந்தது அது.

அப்படியானால் குணம் இரத்தத்தில் இருக்கிறதா? 2022 ஏப்ரலில் ‘சயன்ஸ்’ இதழில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். 18,385 நாய்களின் நடத்தை பற்றி வளர்ப்போரிடம் கேட்டு, 2,155 நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனம் விளக்குவது ஏறத்தாழ 9 வீதம் மட்டுமே. சொன்னதைக் கேட்டு நடக்கும் இயல்பில் இனத்தின் பங்கு சற்றுக் கூடுதல். சீற்றம் எவ்வளவு எளிதில் வரும் என்பதில் இனப்பெயர் அநேகமாக ஒன்றும் சொல்லவில்லை. உடல் பருமன், தாடை, மயிர், காது ஆகியவற்றை இனம் தீர்மானிக்கும். கேட்டுக்குள் நிற்கும் அந்த ஒரு நாய் உங்களைக் கடிக்குமா என்பதை அது தீர்மானிப்பதில்லை.

தீர்மானிப்பவை வேறு. நாய்க்குட்டிக்கு ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் வரை ஒரு திறந்த காலம் உண்டு. அந்தக் காலத்தில் அது பார்த்துப் பழகியதெல்லாம் அதற்கு உலகம், பழகாததெல்லாம் சந்தேகம். பங்களா வேலிக்குள்ளேயே வளர்ந்த குட்டியை எண்ணிப் பாருங்கள். தலையில் கம்பளி, இடுப்பில் படங்கு, முதுகில் கொழுந்துக் கூடையோடு வரும் உருவத்தை அது எங்கே பார்த்திருக்கும்? அதன் கண்ணுக்கு அது மனித உருவமே இல்லை. குரைக்கிறது. கூடைக்காரி பயந்து விலகிப் போகிறாள். ‘நான் குரைத்ததால்தான் ஆபத்து விலகியது’ என்று நாய் பாடம் படிக்கிறது. மறுநாள் இன்னும் உரக்கக் குரைக்கிறது. துரைமார் பலர் அதைத் திருத்தவும் இல்லை. லயத்து ஆள் கேட்டைத் தாண்டக்கூடாது என்பதற்காகத்தானே அந்த நாய்!

பங்களாவில் சமைத்த அப்புவும் எங்கள் லயத்தில் பிறந்தவர்தான். அவர் கையால்தான் அது தின்றது. அவர் கொல்லைப்புறம் வந்தால் வாலை ஆட்டிக்கொண்டு காலடியில் புரளும் என்பார், நாங்கள் நம்பியதில்லை. லயத்து மனிதரை வெறுக்கும் இரத்தம் அந்த நாய்க்கு இருந்திருந்தால் அவரையல்லவா முதலில் கடித்திருக்கும்?

ஆனால் எங்கள் பயம் வெறும் மூடத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். இந்த மலைகளில் நாய் ஆரம்பத்திலிருந்தே அதிகாரத்தின் பக்கம் நின்றது. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்ப் பட்டாளம் வைத்து மரைகளைத் துரத்தினார். அதைப் புத்தகமாகவும் எழுதினார். பின்வந்த தோட்டத்துரைமாரும் நாயோடுதான் மலைக்குப் போனார்கள். பாட்டன், பாட்டி பார்த்தது அந்த நாயை. பயத்துக்குக் காரணம் சங்கிலியைப் பிடித்திருந்த கை. பழி போய்ச் சேர்ந்தது நாயின் சாதியில். பிறப்பைச் சொல்லி எடைபோடும் பேச்சின் வலி நம் சனத்துக்குத் தெரியாததல்ல.

சங்கிலியும் ஒரு காரணம். அமெரிக்காவின் டென்வர் நகரில் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டு 1994இல் ஓர் ஆய்வு வந்தது. முற்றத்தில் கட்டிப்போட்ட நாய்களும், கருத்தடை செய்யாத நாய்களும் கடித்தவற்றில் கூடுதலாக இருந்தன. அதே ஆய்வில் ஜேர்மன் ஷெப்பர்டும் கூடுதலாகவே இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. பெரிய நாய் கடித்தால் காயமும் பெரிது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ரொட்வைலர்கள் குதறியதை யாரும் லேசாக எண்ண முடியாது. அந்த நாய்களுக்குக் கழுத்துக் கயிறும் இல்லை, வாய்க்கூடும் இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச் 12ஆம் தேதி, இந்திய மத்திய அரசு 23 இனங்களைத் தடைசெய்யும்படி மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்துச் செய்தது. நெதர்லாந்து 1993இல் பிட்புல்லைத் தடைசெய்து, கடி குறையவில்லை என்று கண்டு 2008இல் கைவிட்டது. பட்டியல் போடுவது அரசுக்குச் சுலபம். கேட்டைப் பூட்டாத சொந்தக்காரனைப் பிடிப்பதுதான் கஷ்டம். பிடிக்கவேண்டியது அவனைத்தான் என்பது என் முடிவு.

கடிக்குமுன் நாய் சொல்லிவிடுகிறது. நமக்குத்தான் அந்தப் பாஷை தெரிவதில்லை. உடம்பு விறைக்கும், கண்ணின் வெள்ளை தெரியும், உதடு மேலேறும், அடித்தொண்டையில் உறுமும். உறுமிய நாயை அடிக்காதீர்கள். அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடும்; கடிப்பதை விடாது. தின்னும்போது, தூங்கும்போது, குட்டியோடு இருக்கும்போது எந்த நாயையும் நெருங்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இனப்பெயரைப் பார்த்து நடுங்கும் நேரத்தில் நாம் பார்க்கத் தவறும் ஆபத்து ஒன்று இருக்கிறது: விசர். 1973இல் இலங்கையில் விசர் நாய்க்கடியால் 377 பேர் செத்தார்கள். தடுப்பூசியால் அந்தக் கணக்கு மிகவும் இறங்கியது; 2006இல் தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை அரசு நிறுத்திய பிறகும் அது பழையபடி ஏறவில்லை. ஆனாலும் சாவு நின்றபாடில்லை. விசர்க் கிருமி சாதி பார்ப்பதில்லை. ஊசி போடாத நாயைத்தான் பார்க்கிறது. லயத்தில் எல்லா வீட்டுச் சோற்றையும் தின்று, எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும் ஜிம்மியையும் டைகரையும் ஊசி போட யார் கொண்டுபோவது? பிள்ளைகள் மடியில் வைத்துக் கொஞ்சும் குட்டிக்கும் விசர் வரும். கடித்த இடத்திலிருந்து கிருமி நரம்பு வழியே மூளைக்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் எடுக்கும். அடையாளம் தெரிந்த பின் பிழைத்தவர் அநேகமாக இல்லை. ஆனால் அதற்குமுன் நமக்கு நாட்கள் கிடைக்கின்றன.

எனக்குக் கடிபட்ட அன்று காயத்தில் மஞ்சள் அப்பினார்கள். அது தப்பு. பீலிக்கடியில் காயத்தை நீட்டி, சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். பிறகு வேலைநாள் போகிறதே என்று பாராமல் அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஊசிக்குக் காசு இல்லை. தொப்புளைச் சுற்றிப் போட்ட காலம் போய்விட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாமல் 14 நாள் கட்டிவைத்துக் கவனியுங்கள். அது உயிரோடு இருப்பதே வைத்தியருக்கு ஒரு தகவல்.

நாய்களுக்கு விசர்த் தடுப்பூசி போட அடுத்தமுறை உங்கள் தோட்டத்துக்கு ஆட்கள் வரும்போது, பங்களா நாய் மட்டும் வரிசையில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இஸ்தோப்பில் படுத்திருக்கும் நாய் யாருடையதானாலும் சரி, கழுத்தில் ஒரு கயிற்றைப் போட்டு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.