மைய சிரை வடிகுழாய்க்கான தோல் தூய்மையாக்கம்

மைய சிரை வடிகுழாய்க்கான தோல் தூய்மையாக்கம் என்பது, இதயத்துக்கு அண்மையிலுள்ள பெருஞ்சிரைக்குள் வடிகுழாயைச் செலுத்துமுன், ஊசி நுழையும் இடத்தைக் கிருமிநாசினியால் தூய்மை செய்வதாகும். மருத்துவமனைகளில் 'சென்ட்ரல் லைன்' எனப்படும் இக்குழாய், கழுத்து, காறையெலும்பின் கீழ்ப்பகுதி அல்லது தொடையிடுக்கு வழியாகச் செலுத்தப்படுகிறது. தீவிர சிகிச்சை, குருதிச் சுத்திகரிப்பு, புற்றுநோய் மருத்துவம் ஆகியவற்றில் இது பயன்படுகிறது.

தொற்று ஏற்படும் விதம்

நலமான தோலிலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் முதலிய பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஊசித்துளை வழியே குழாயின் வெளிப்புறத்தைப் பற்றிச் செல்லும் இவை, அங்கு உயிரிப்படலம் அமைத்துக் குருதியில் கலக்கின்றன. உயிரிப்படலத்தை நுண்ணுயிர் எதிரிகளால் அழிப்பது கடினம். ஆகவே பல வேளைகளில் குழாயையே அகற்ற நேரிடுகிறது.

செய்முறை

0.5 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குளோரெக்சிடின் கலந்த ஆல்ககால் கரைசல் பரிந்துரைக்கப்படுகிறது. அது ஒவ்வாதவர்களுக்குப் போவிடோன் அயோடின் அல்லது 70 விழுக்காட்டு ஆல்ககால் பயன்படுத்தலாம். பூசிய கரைசல் தானாக உலர்ந்த பின்னரே ஊசி செலுத்த வேண்டும். துடைத்து உலர்த்தினால் பயன் குறையும். ஈரமான ஆல்ககால் தீப்பற்றக்கூடியது. குறைமாதக் குழந்தைகளின் மென்தோலில் குளோரெக்சிடின் புண் உண்டாக்கலாம் என்பதால் கவனம் தேவை.

ஆய்வுகள்

2015 ஆம் ஆண்டு பிரான்சில் 11 தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 2,546 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு வெளியானது. அதில் 1,000 குழாய்-நாட்களுக்குக் குழாய் சார்ந்த தொற்று, குளோரெக்சிடின்-ஆல்ககால் பிரிவில் 0.28 ஆகவும், போவிடோன் அயோடின்-ஆல்ககால் பிரிவில் 1.77 ஆகவும் இருந்தது. எனினும், 13 ஆய்வுகளைத் தொகுத்த 2016 ஆம் ஆண்டு காக்ரேன் மீளாய்வு, குளோரெக்சிடின் மேம்பட்டதாக இருக்கக்கூடும் என்றாலும் சான்றுகளின் தரம் மிகக் குறைவு எனக் குறிப்பிட்டது.

தோல் தூய்மை மட்டும் போதுமானதன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கை கழுவுதல், முழுத் தடுப்பு உடை, குளோரெக்சிடின், தொடையிடுக்கைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை அகற்றுதல் ஆகிய ஐந்தும் ஒருங்கே பின்பற்றப்பட்டன. தொற்று வீதத்தின் இடைநிலை அளவு 1,000 குழாய்-நாட்களுக்கு 2.7 இலிருந்து மூன்று மாதங்களில் சுழியமானதாக 2006 ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

இந்தியாவில்

2017 மே முதல் 2018 அக்டோபர் வரை 26 இந்திய மருத்துவமனைகளின் 89 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் கண்காணிக்கப்பட்டன. குருதித் தொற்று வீதம் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலேயே மிகுதியாக இருந்தது. மிக அதிகமாகக் காணப்பட்ட கிருமி கிளெப்சியெல்லா. இது பொதுவாகக் குடலில் வாழ்வது. கைகள் வழியாகவும் பரவுவது. எனவே இந்தியச் சூழலில் தோல் தூய்மையுடன் கைத்தூய்மையும், செலுத்திய பின்னரான குழாய்ப் பராமரிப்பும் இன்றியமையாதவை.