உயிரியலா? கணிப்பொறியா?

பத்தாம் வகுப்பு முடிந்ததும் உங்கள் முன் ஒரு கேள்வி வந்து நிற்கும். எந்தப் பிரிவை எடுப்பது? உயிரியல் என்றால் டாக்டர், கணிப்பொறி என்றால் மென்பொருள் நிறுவனம் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் என்னதான் செய்கிறார்கள்? பார்ப்போமா?

ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துக்களால் ஆன நீண்ட செய்தி. முதல் வரியில் ஏ-டி-ஜி-சி-ஏ என்று எழுதுங்கள். அதன் கீழே ஏ-ஜி-சி-ஏ. மேலும் கீழுமாக ஒப்பிட்டால் முதல் எழுத்து மட்டுமே பொருந்துகிறது. இப்போது இரண்டாம் வரியில், முதல் எழுத்துக்கு அடுத்த கட்டத்தைக் காலியாக விடுங்கள். நான்கும் பொருந்திவிட்டன அல்லவா?

ஐந்து எழுத்துக்குப் பென்சில் போதும். மனிதனின் டி.என்.ஏ.யிலோ ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள்! அதற்குத்தான் கணிப்பொறி. இத்தகைய ஒப்பீட்டுக்கு 1970-இல் நீடில்மேன், உன்ஷ் என்னும் இருவர் ஒரு முறையை வகுத்தார்கள்.

ஆனால் காலிக் கட்டங்களை இஷ்டம்போல் விட்டால் வாழையையும் வௌவாலையும்கூடப் பொருத்திக் காட்டிவிடலாம். ஆகவே ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும். எவ்வளவு? இதைக் கணிப்பொறி சொல்லாது. செல் தன் செய்தியை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. மூன்று எழுத்து ஒருசேர விடுபட்டால் பெரும்பாலும் ஓர் அமினோ அமிலம்தான் போகும். ஓர் எழுத்து விடுபட்டாலோ, அதற்குப் பின்வரும் அத்தனையும் குலைந்துபோகும்! இது தெரியாதவர் எழுதும் நிரல் வேகமாக ஓடும். விடை தவறாக வரும்.

1983-இல் அமெரிக்காவில் ரஸல் டூலிட்டில் ஒரு புரதத்தின் வரிசையைக் கணிப்பொறியில் ஒப்பிட்டார். அது காயம் ஆற உதவும் வளர்ச்சிப் புரதம். அதனுடன் பொருந்தியது எது தெரியுமா? குரங்குகளுக்குப் புற்றுநோய் தரும் ஒரு வைரசின் ஜீன்! லண்டனில் மற்றொரு குழுவும் அதே சமயத்தில் இதைக் கண்டது. வளரச் சொல்லும் கட்டளை நிற்காமல் ஒலித்தால் புற்றுநோய் வரலாம் என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

இன்று புற்றுக் கட்டியின் டி.என்.ஏ.யைப் படித்து மருந்தைத் தேர்ந்தெடுக்கவும், தடுப்பூசி வடிவமைக்கவும், புதிய பயிர் ரகங்களை உருவாக்கவும் இப்படிப்பட்டவர்கள் வேண்டியிருக்கிறார்கள். புரதங்களின் வடிவத்தைக் கணித்ததற்காக 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்ற டெமிஸ் ஹசாபிஸ், முதலில் கணிப்பொறியியலும் பிறகு மூளை அறிவியலும் படித்தவர்.

ஒன்று சொல்ல வேண்டும். பட்டத்தின் பெயரில் இரண்டு துறைகளும் இருப்பதாலேயே வேலை வந்துவிடாது. ஒன்றையாவது ஆழமாகக் கற்றிருக்க வேண்டும். பள்ளியில் உயிரியலை எடுத்தவர்கள் நிரல் எழுதப் பிறகும் பழகலாம். கணிதத்தை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்.

இப்போதே முயன்று பார்க்க ஆசையா? ஜென்பேங்க் போன்ற தகவல் வங்கிகள் எல்லோருக்கும் இலவசம். மனித இன்சுலினையும் பசுவின் இன்சுலினையும் அங்கே தேடுங்கள். உடல் வெட்டி நீக்கிவிடும் துண்டுகளும் வரிசையில் கலந்திருக்கும். ஏ, பி என்ற இரு சங்கிலிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 51 அமினோ அமிலங்கள். வித்தியாசம் மூன்றே இடங்களில்தான். எந்த மூன்று என்று கண்டுபிடியுங்கள்!