குளத்துப் பூச்சிகளின் மூச்சுக் கணக்கு

நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு 2023-இல் வெளியானது. மொத்தம் 24,24,540 நீர்நிலைகள். அதில் ஆந்திரத்தில் 1,90,777, தமிழ்நாட்டில் 1,06,957. எது பயன்பாட்டில் இருக்கிறது, எது தூர்ந்தது, எதை ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்றெல்லாம் எண்ணியிருக்கிறார்கள். உள்ளே என்ன உயிர் வாழ்கிறது என்பதற்கு அதில் இடமில்லை. இந்தக் குறையைப் பெரிய செலவில்லாமல் ஊர்க்காரர்களே தீர்த்துவிடலாம். ஆந்திரத்தில் புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் நாராயணவனம் மாதிரியான ஊர், தொடங்குவதற்குத் தோதான இடம். கல்யாண வெங்கடேசர் கோயிலுக்கு வரும் கூட்டமும் உண்டு, அருணா நதியும் உண்டு, சுற்றிலும் மழையை நம்பி நிறையும் ஏரி குட்டைகளும் உண்டு.

முதலில் செலவு. டீ வடிகட்டி 40 ரூபாய். வெள்ளை பிளாஸ்டிக் தட்டு 120. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் 200. கொசுவலைத் துணியும் கம்பியும் சேர்த்து வலை தைக்க 100. மெல்லிய ஓவிய பிரஷ் 20. ஆக 480 ரூபாய். கடைக்குக் கடை பத்து இருபது கூடும், குறையும். வலையின் வாய் 30 செ.மீ. அகலமும் 25 செ.மீ. உயரமும் இருந்தால், செடிகளின் ஓரமாக ஒரு மீட்டர் இழுக்கும்போது 75 லிட்டர் தண்ணீர் அதன் வழியாகப் போகிறது. ஒரு குடத்தை மொண்டு பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இனி அடையாளம். காலையும் கொம்பையும் எண்ணுவதற்கு முன்னால், அந்தப் பூச்சி எப்படி மூச்சு விடுகிறது என்று பாருங்கள் என்பேன். காரணம் கணக்கில் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். அதே ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் இருக்கிறது, 36 மடங்கு. ஆகவே குளத்துப் பூச்சிகளில் ஒரு கூட்டம் மேலே வந்து காற்றை வாங்கிக்கொண்டு போகிறது. நீர்த்தேளுக்குப் பின்னால் நீளமாக ஒரு மூச்சுக்குழல் உண்டு. நீர்வண்டு முன்சிறகுக்கு அடியில் காற்றை அடைத்துக்கொண்டு முங்குகிறது. கொசுப்புழுவிலும் இதே பார்வை உதவும். தண்ணீர்ப் பரப்புக்கு இணையாகப் படுத்திருந்தால் மலேரியா பரப்பும் அனாபிலிஸ். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் கியூலெக்ஸ் அல்லது ஏடிஸ்.

இன்னொரு கூட்டம் செவுளை நம்பியது. இதுதான் குளத்தின் நலத்தைச் சொல்லும். தட்டில் விரல் நகத்தளவு நீளத்தில், வால்பக்கம் மூன்று பிரிவுள்ள இரண்டு பூச்சிகள் கிடக்கின்றன என்று வையுங்கள். புதிதாகப் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். லென்ஸை வையுங்கள். ஒன்றில் அந்த மூன்றும் தட்டையான இலைகள், உள்ளே நரம்புபோல் கிளை பிரிந்திருக்கும். அது ஊசித்தட்டானின் குஞ்சு. அந்த இலைகள் செவுள்கள். மற்றொன்றில் மூன்றும் மயிர்போன்ற வால்கள்; செவுள் வயிற்றின் இருபுறமும் வரிசையாக, நிற்காமல் படபடத்துக்கொண்டிருக்கும். அது மேஃப்ளையின் குஞ்சு. தடித்த உடம்போடு வால் இலை எதுவும் இல்லாமல் தாடையை நீட்டி இரை பிடிப்பது பெரிய தட்டானின் குஞ்சு. அதன் செவுள் ஆசனவாய்க்குள்ளே இருக்கிறது.

இதற்கு மதிப்பெண் போடும் முறையும் உண்டு. பிரிட்டனில் 1980 வாக்கில் வகுத்த பட்டியலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பு. பெரிய தட்டான் 8, ஊசித்தட்டான் 6, நீர்வண்டு 5, மல்லாந்து நீந்தும் பூச்சி 5, தட்டைச்சுருள் நத்தை 3, ரத்தப்புழு 2, மண்புழு இனத்துச் சேற்றுப்புழு 1. ஒரு குட்டையில் முதல் ஆறும் கிடைத்தால் கூட்டுத்தொகை 29, சராசரி 4.8. நத்தை, ரத்தப்புழு, சேற்றுப்புழு மட்டும் என்றால் 6, சராசரி 2. ஆனால் இந்தப் பட்டியல் ஓடும் ஆற்றுக்காக எழுதியது. நீர்வண்டும் மல்லாந்து நீந்துவதும் வெளிக்காற்றை வாங்குகிறவை. தண்ணீர் கெட்டாலும் தாக்குப்பிடிக்கும். குளத்துக்கு அவற்றின் 10 மதிப்பெண்ணைத் தனியே எழுதிவைப்பதுதான் நியாயம். நம் பக்கத்து ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் சுப்பிரமணியனும் சிவராமகிருஷ்ணனும் 2007-இல் எழுதிய கையேடு இருக்கிறது. பெங்களூரின் ஏட்ரீ நிறுவனம் வெளியிட்டது.

குளிக்கும் நீருக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜனாவது இருக்க வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கோயில் குளத்தில் மீனுக்குப் போடும் பொரியை இதோடு வைத்துப் பாருங்கள். ஒரு கிலோ பொரி முழுக்க மட்குவதற்கு ஏறத்தாழ ஒரு கிலோ ஆக்சிஜன் வேண்டும். அது 1,30,000 லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த ஆக்சிஜன். கொஞ்சத்தை மீன் தின்னும், காற்று மெல்ல ஈடுகட்டும். என்றாலும் தேங்கிய குளத்தில் திருவிழா வாரத்து மூட்டைகளுக்கு அந்த ஈடு போதாது. செவுள் பூச்சிகள் முதலில் போகும். உடம்பில் ஹீமோகுளோபின் வைத்திருக்கும் ரத்தப்புழு மட்டும் சேற்றில் செழிக்கும். ஆய்வகச் சோதனை தண்ணீர் எடுத்த நிமிடத்தைத்தான் சொல்லும். தட்டான் குஞ்சோ பல வாரம் அதே தண்ணீரில் வளர்ந்தது; ஊர் ஊராகப் பறக்கும் மஞ்சள் தட்டானுக்கே 38 முதல் 65 நாள் பிடிக்கும்.

நீரில் வாழும் சிற்றுயிரை அறிவது நோயையும் ஒழித்திருக்கிறது. நரம்புச் சிலந்தி நோய் படிக்கிணற்றுத் தண்ணீரில் இருந்த 2 மில்லிமீட்டர்கூட இல்லாத சைக்ளாப்ஸ் என்ற சிற்றுயிர் வழியாக வந்தது. துணியில் வடிகட்டிக் குடிப்பதே பெரிய தடுப்பாக இருந்தது. ஆந்திரமும் தமிழ்நாடும் ஒருகாலத்தில் அதன் பிடியில் இருந்தவை. இந்தியாவின் கடைசி நோயாளி 1996 ஜூலையில். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது.

கொசுவுக்காக 1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கம்பூசியா மீனை எல்லாக் குளத்திலும் விடுவதை நான் ஏற்கவில்லை. அது கொசுப்புழுவோடு நிற்பதில்லை. கொசுப்புழுவைத் தின்னும் தட்டான் குஞ்சையும் சேர்த்துத் தின்கிறது. குளத்தில் தட்டான் குஞ்சு ஏற்கெனவே இருக்கிறதா என்று வலை போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

வடகிழக்கு மழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்த ஜனவரி நல்ல சமயம். முதுகில் முட்டை ஒட்டிய தட்டைப் பூச்சி அகப்பட்டால் கையால் தொட வேண்டாம். அது முட்டை சுமக்கும் ஆண். கடி கடுமையாக வலிக்கும். அதைப் பிரஷ்ஷால் தள்ளி உடனே தண்ணீரில் விடுங்கள். சந்தேகமுள்ள வகைக்கு ஒன்றே ஒன்றை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, இடமும் தேதியும் பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே வையுங்கள். பேனா மை கரைந்துவிடும். நாராயணவனத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறை இருக்கிறது. பெயர் தெரியாததை அங்கே கொண்டுபோய்க் கேட்கலாம்.