பானைக்கு ஊர்தான் பெயர்! ஜப்பான் சூளைகளின் அதிசயங்கள் தெரியுமா?

ஜப்பானில் தட்டு, கிண்ணம், கோப்பை, ஜாடி என்று எதை எடுத்தாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல் உண்டு: செட்டோமோனோ. ‘மோனோ’ என்றால் பொருள். ‘செட்டோ’ என்றால் என்ன தெரியுமா? நகோயாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஊரின் பெயர்! ஆயிரம் ஆண்டுகளாகச் சூளைத் தொழில் விடாமல் நடந்துவரும் ஊர் என்பதால், ஊர்ப் பெயரே பண்டத்தின் பெயராகிவிட்டது. மேற்கு ஜப்பானிலோ அதே சாமானுக்கு ‘கரட்ஸுமோனோ’ என்று பெயர். கரட்ஸு என்பது கியூஷு தீவின் துறைமுக ஊர். ஒரு பானையைக் கையில் எடுத்தால் ‘யார் செய்தது?’ என்பதற்கு முன்னால் ‘எந்த ஊர் மண்?’ என்று கேட்கும் தேசம் அது. அந்த ஊர்களின் கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தவன், இன்னும் நிறுத்த முடியாமல் படித்துக்கொண்டே இருக்கிறேன்.

எவ்வளவு பழைய கதை தெரியுமா? வட ஜப்பானின் அவோமோரி பகுதியில், ஒடாய் யமமோட்டோ என்ற இடத்தில் கிடைத்த பானை ஓடுகளின் வயது சுமார் 16,000 ஆண்டுகள்! அப்போது அங்கே வயலும் இல்லை, நெல்லும் இல்லை. வேட்டையாடியும் காய்கனி பொறுக்கியும் வாழ்ந்த மனிதர்கள் சட்டி வனைந்திருக்கிறார்கள். வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஓட்டில் ஒட்டியிருந்த கரியை வைத்து! என்றைக்கோ யாரோ அடுப்பில் வைத்த சட்டி. அதில் படிந்த கரிதான் இத்தனை ஆயிரம் ஆண்டு கழித்துச் சாட்சி சொன்னது.

செட்டோ, டொகொனாமே, எச்சிஸென், ஷிகராகி, தம்பா, பிஸென். இந்த ஆறு ஊர்களையும் ‘ஆறு பழஞ்சூளைகள்’ என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீம்பு உண்டு. தம்பாவில் குயவர் சக்கரம் இடப்பக்கமாகச் சுற்றும். டொகொனாமேயில் குன்றின் மேல் ஏறும் பாதையின் இரு பக்கச் சுவர்களும் பழைய மண்குழாய்களையும் சாராய ஜாடிகளையும் அடுக்கிக் கட்டியவை. டோக்கியோவில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் கட்டிய இம்பீரியல் ஹோட்டலின் மஞ்சள் செங்கற்கள் சுட்டு எடுக்கப்பட்டதும் அதே ஊரில்தான். ஷிகராகியில் தெருவெங்கும் தனுகி என்ற காட்டு விலங்கின் தொப்பை தள்ளிய பொம்மைகள். 1951இல் பேரரசர் வந்தபோது, அந்தப் பொம்மைகளின் கையில் கொடி கொடுத்து வரிசையாக நிறுத்தி வரவேற்றிருக்கிறது அந்த ஊர்!

இந்த ஆறில் என் மனசைப் பறித்தது பிஸென். ஒகாயாமா பகுதியில் இம்பே என்ற ஊரைச் சுற்றியுள்ள சூளைகள். கண்ணாடிப் பூச்சு கிடையாது, ஓவியம் கிடையாது, வண்ணம் கிடையாது. பிறகு எப்படி அந்தச் சிவப்பு, அந்தப் பொன்பழுப்பு, அந்தச் சாம்பல் நீலம்? எல்லாம் மண்ணும் நெருப்பும் செய்கிற வேலை! நெல் வயலுக்குக் கீழே பல அடி தோண்டினால் கிடைக்கும் இரும்புச் சத்து நிறைந்த, வழுவழுப்பான கரிய மண் அது. சட்டென்று சூடேற்றினால் தாங்காது, வெடித்துவிடும். அதனால் பத்து நாள், சில சூளைகளில் இரண்டு வாரம்கூட, இரவும் பகலும் பைன் விறகைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பறந்து வரும் சாம்பல் பானையின் தோளில் விழுந்து உருகி, எள் தூவியது போல் நிற்கும். அதற்குப் பெயரே ‘கோமா’, அதாவது எள்! இன்னொன்று கேளுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் குயவர்கள் பானைகளைச் சுற்றி வைக்கோல் வைத்தார்கள். வைக்கோல் எரிந்து போனது. ஆனால் அது பட்ட இடமெல்லாம் மண்ணின் இரும்போடு சேர்ந்து செக்கச்செவேலென்று கோடு கோடாகப் பதிந்துவிட்டது. ‘ஹிதசுகி’, செங்கயிறு என்று அதற்குப் பெயர். வயலுக்கு அடியிலிருந்து மண், வயலுக்கு மேலிருந்து வைக்கோல். வேறென்ன வேண்டும் ஒரு பானைக்கு?

இந்த பிஸென் நெருப்பின் ஒரு பொறி நம் புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தது தெரியுமா? 1971இல் குயவர் ரே மீக்கரோடு சேர்ந்து அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய டெபோரா ஸ்மித், அதற்கு முன் பிஸெனில் தொழில் கற்றவர்!

இனி வரப்போவது ஒரு துப்பறியும் கதை. ஷினோ என்பது பால் நிறத்தில், தடித்த பூச்சோடு, ஆங்காங்கே செம்மை பூத்த தேநீர்க் கிண்ண வகை. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தது. அது செட்டோவில்தான் செய்யப்பட்டது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1930இல் அரகாவா டொயோஸோ என்ற குயவர் நகோயாவில் ஒரு பழைய ஷினோ கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். மேலே மூங்கில் குருத்து ஓவியம். கவிழ்த்துப் பார்த்தால், அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த மண் பொட்டு கண்ணில் படுகிறது. ‘இது செட்டோ மண் இல்லையே!’ வேறு யாராக இருந்தாலும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவரோ கிஃபு பகுதியின் மினோ மலைக்காட்டுக்குள், பாழடைந்த பழஞ்சூளைகளைத் தேடிப் போனார். சில நாட்களிலேயே ஓர் ஓட்டாஞ்சில்லு கிடைத்தது. அதிலும் அதே மூங்கில் குருத்து! முந்நூறு ஆண்டுக்கு மேலாக ஊர் பெயர் மாறிக் கிடந்த ஒரு கலைக்கு அந்த ஒரே சில்லு சொந்த ஊரைத் திருப்பிக் கொடுத்தது. பின்னாளில் அந்தக் காட்டிலேயே சூளை கட்டி, செத்துப்போயிருந்த ஷினோவை உயிர்ப்பித்தார் அரகாவா. 1955இல் அரசு முதன்முதலாக ‘வாழும் தேசியச் செல்வங்கள்’ என்று கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தபோது அவரும் அதில் ஒருவர். அந்தச் சில்லைக் கையில் எடுத்த நொடியில் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கண் எப்போதும் சரியாகச் சொல்லிவிடுமா? 1959இல், 1294ஆம் ஆண்டு பொறித்த ஒரு செட்டோ ஜாடி முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, ‘அதைச் செய்தது நான்தான்’ என்றார் கடோ டொகுரோ என்ற நம் காலத்துக் குயவர்! 1961இல் அறிவிப்பு ரத்தானது. அந்த ஜாடியை ஆதரித்த அரசு அதிகாரி கொயாமா ஃபுஜியோ பதவி விலகினார். யார் அவர் தெரியுமா? ‘ஆறு பழஞ்சூளைகள்’ என்று பெயர் வைத்தவரே அவர்தான்.

பீங்கானின் கதையில் வலியும் இருக்கிறது. 1592 முதல் 1598 வரை ஜப்பான் கொரியாமீது படையெடுத்தது. திரும்பியபோது படைத்தலைவர்கள் கூடவே கொண்டுவந்தது கொரியக் குயவர்களை! அதனாலேயே இதைக் ‘குயவர் போர்’ என்று சொல்பவர்களும் உண்டு. அப்படி வந்தவர்களில் ஒருவரான யி சாம்பியோங்தான், 1616 வாக்கில் அரிடா ஊரின் இசுமியாமா குன்றில் பீங்கானுக்கு ஏற்ற வெள்ளைக் கல்லைக் கண்டுபிடித்தார் என்பது ஊர் வரலாறு. அந்தக் குன்றைக் குடைந்து குடைந்து, இன்று அங்கே நிற்பது பெரிய பள்ளம். அந்தக் கல் தட்டாகி, இமாரி துறைமுகம் வழியாக டச்சுக் கப்பல் ஏறி, ஐரோப்பிய அரண்மனைகளுக்குப் போனது. ஜெர்மனியின் மைசென் தொழிற்சாலை அரிடாவின் ககியெமோன் பாணியைப் பார்த்துப் பார்த்துச் செய்தது. அரிடாவின் கோயில் ஒன்றில் வாசல் தோரணமே பீங்கான்! ககோஷிமாவிலோ, சொந்த மண்ணிலிருந்து பிடுங்கி வரப்பட்ட ஷிம் குடும்பம் நானூறு ஆண்டு கழித்தும் தன் கொரியப் பெயரை விடவில்லை. பதினைந்தாம் தலைமுறை அதே பெயரில் இன்றும் வனைகிறது.

ஒரு சூளை ஊரைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்க முடியுமா? முடியும்! கியூஷுவின் மலைகளுக்குள் ஒண்டா என்று ஒரு சிற்றூர். பெரிய மரத்தடியின் ஒரு முனையைத் தொட்டிபோல் குடைந்து ஓடையில் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் நிரம்பியதும் தொட்டி தாழும், மறுமுனை எழும். தண்ணீர் கொட்டியதும் மறுமுனை ‘தொம்’ என்று மண்ணில் இடிக்கும். மலையில் வெட்டிய கடினமான மண்ணை இந்த நீருலக்கை வாரக்கணக்கில், இரவிலும் நிற்காமல் இடித்துப் பொடியாக்குகிறது. 1996இல் ஜப்பான் அரசு காக்க வேண்டிய நூறு ஒலிகளைத் தேர்ந்தெடுத்தபோது இந்தத் ‘தொம்’மும் அதில் இடம்பெற்றது! 1705இல் தொடங்கிய தொழில். வீட்டுக்கு ஒரு வாரிசு, காலால் உதைக்கும் சக்கரம். வெளியாள் வேலைக்கு இல்லை. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது, எந்தக் கிண்ணத்திலும் செய்தவர் பெயர் கிடையாது என்பது. ஒண்டா. அவ்வளவுதான்.

மஷிகோ என்ற இன்னொரு சூளை ஊரின் குயவர் ஹமடா ஷோஜியும் பெயர் பொறிக்காதவர்தான். உலகப் புகழ் பெற்ற அவர் ஒரு தட்டின்மேல் கரண்டியால் பூச்சை வீசி ஊற்றப் பதினைந்தே விநாடிகள் ஆகுமாம். இவ்வளவு சீக்கிரமா என்று கேட்டவரிடம், பதினைந்து விநாடியோடு அறுபது வருஷத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். அதே மஷிகோவின் சின்ன மண்சட்டியில்தான் யொகொகாவா ரயில் நிலையத்தில் 1958 முதல் சுடச்சுடச் சோறு விற்கிறார்கள். சாப்பிட்டுவிட்டுச் சட்டியை வீட்டுக்கே எடுத்துப் போகலாம்!

கடைசியாக ஒகினாவா. 1945இல் போர் அந்தத் தீவைச் சுடுகாடாக்கியது. தலைநகர் நஹா தரைமட்டம். மக்கள் முகாம்களில், தகர டப்பாக்களில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நகருக்குள் யாரும் நுழையக் கூடாது என்று அமெரிக்க ராணுவத்தின் தடை. அந்த நவம்பரில் முதன்முதலாக உள்ளே போக யாருக்கு அனுமதி கிடைத்தது தெரியுமா? குயவர்களுக்கு! நஹாவின் பழைய சூளைத் தெருவான ட்சுபோயா அதிகம் சேதமாகாமல் தப்பியிருந்தது. சுமார் நூறு பேர் போய்ச் சூளையைப் பற்றவைத்துச் சோற்றுக் கிண்ணம் செய்தார்கள். அவர்களைத் தொடர்ந்து குடும்பங்கள், பிறகு கடைகள், பிறகு நகரம். சில காலம் நகராட்சி நடந்ததும் அந்தத் தெருவில்தான்.

போருக்குப் பின் அதே ட்சுபோயாவில் சக்கரம் சுற்றிய கின்ஜோ ஜிரோ, 1985இல் ஒகினாவாவின் முதல் வாழும் தேசியச் செல்வமானார். ஈர மண்ணில் அவர் கீறியது பெரும்பாலும் மீன்கள். அவர் செய்த தட்டை எங்கேயாவது பார்த்தால் கிட்டே போய்ப் பாருங்கள். அந்த மீன்கள் சிரிக்கின்றன.