கையில் போட்ட காசு எங்கே போகிறது?

ஔவைப் பாட்டி ஆத்திசூடியில் இரண்டு புத்திமதிகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறாள். பிறரிடம் கையேந்துவது இழிவு என்கிறது ஒன்று. இல்லாதவருக்கு இட்டுவிட்டு அப்புறம் நீ சாப்பிடு என்கிறது மற்றொன்று. கோவில் வாசலில் ஒரு கை நீளும்போது இந்த இரண்டும் சேர்ந்தே நம் மனசில் வந்து நிற்கின்றன. போடுவதா, வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் நாம் நாலு அடி தாண்டிப் போயிருப்போம்.

"போட்டால் சோம்பேறிகள்தான் பெருகுவார்கள்" என்பவர்கள் சாமானியமானவர்களைத் துணைக்கு அழைப்பதில்லை. காந்திஜியே 1925-ல் 'யங் இந்தியா'வில், உடம்பில் தெம்பு உள்ளவனுக்கு வேலை வாங்காமல் சோறு போடக்கூடாது என்று எழுதினார். வாஸ்தவம். ஆனால் வேலை கொடு, பிறகு சோறு போடு என்பதே அவருடைய பேச்சு. வேலையும் கொடாமல், சோறும் கொடாமல் நடையைக் கட்டுவதற்கு மகாத்மாவைச் சாட்சிக்கு இழுப்பது நியாயமாகாது.

சரி, போட்ட காசு என்னதான் ஆகிறது? மயிலாப்பூர் குளக்கரையில் வழக்கமாக உட்காரும் ஓர் ஆயாவிடமே கேட்டேன்.

"பிரதோசத்துக்கு இருநூறு, முந்நூறு வுழும் தம்பி. மறாநாளு ஒரு டீக்குக்கூட இருக்காது" என்றாள்.

"சேர்த்து வைக்கலாமே, ஆயா?"

"எங்க வைக்கிறது? இடுப்புல முடிஞ்சு வச்சா, தூங்கறப்போ அறுத்துக்கினு பூடறான். துன்னுட்டா எவனும் புடுங்க முடியாது இல்ல?"

பெரிய பொருளாதார நிபுணர்கூட இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. பூட்ட ஒரு பெட்டி இல்லாதவர் கையில் காசு தங்காது. அது இட்லியாகிறது, டீயாகிறது, வெற்றிலை பாக்காகிறது, சிலர் கையில் சாராயமாகவும் ஆகிறது, மறைப்பானேன்? எப்படியானாலும் அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது. 2013-ல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்று விலை வைத்தார்கள். அந்த மாதிரி இடம் நடக்கிற தூரத்தில் இருந்தால், நாம் போடும் பத்து ரூபாய் ஒரு வேளையைத் தள்ளிவிடும். பசிக்கு உதவுமா என்றால் சந்தேகமில்லாமல் உதவும். தெருவை விட்டு எழுப்புமா என்றால், எழுப்பாது. ஆனால் போடாமல் போவதும் அவளை எழுப்பிவிடப் போவதில்லையே!

தடியெடுத்த சட்டம்

போடுகிறவர்கள் ஒரு பக்கம் போட்டுக்கொண்டிருக்க, பிடிக்கிறவர்கள் இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சென்னை ராஜதானியில் 1945-லேயே பிச்சைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. 1959-ல் வந்த பம்பாய்ச் சட்டம் இன்னும் கடுமை. முதல் தடவை அகப்பட்டால் ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டு வரை அடைப்பு. மறுபடியும் அகப்பட்டால் பத்து ஆண்டு வரை! தெருவில் பாடினாலும், ஆடினாலும், ஜோஸ்யம் சொன்னாலும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குப் பிச்சைதான். டில்லிக்கும் இதே சட்டத்தைக் கொண்டுபோனார்கள். பசியைக் குற்றமாக்கும் அதன் பிரிவுகள் அங்கே செல்லாது என்று டில்லி ஹைகோர்ட் தீர்ப்பளித்தபோது தேதி 2018 ஆகஸ்டு 8. கொரோனா காலத்தில், தெருக்களிலிருந்து பிச்சைக்காரர்களை அகற்ற வேண்டும் என்று கேட்டபோது, சுப்ரீம் கோர்ட்டும் அதற்கு 2021-ல் இணங்கவில்லை.

இப்போது தடி கொடுப்பவர் பக்கம் திரும்பியிருக்கிறது. பிச்சை போட்டால் போட்டவர் மேலேயே வழக்கு என்று 2025 ஜனவரி முதல் இந்தூர் மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டது. அடுத்த மாதமே போபாலும் அந்த வழியில் சென்றது. கை நீட்டியவருக்கு மாற்று வழி காட்டாமல், கொடுத்த கையை மட்டும் பிடித்து என்ன பிரயோஜனம்?

நிஜமாகவே தெருவிலிருந்து ஆட்களை எழுப்பிய மருந்து ஒன்று உண்டு. பழைய நாளில் புண்ணியத் தலங்களின் படிக்கட்டுகளில் விரல் மழுங்கிய தொழுநோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டார் ஒதுக்கினார்கள், வேலை கொடுப்பார் இல்லை, படிக்கட்டுதான் கதி. 1980-களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. இப்போது ஆறு மாதமோ ஒரு வருஷமோ விடாமல் மாத்திரை சாப்பிட்டால் நோய் தீரும். மருந்துக்குக் காசும் கிடையாது. 2005 டிசம்பரில், இந்தியாவில் பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே நோய் இறங்கிவிட்டது. எத்தனையோ பேர் அந்தப் படிக்கட்டில் வந்து உட்கார வேண்டிய அவசியமே இல்லாமற் போனது போலீஸ் லாரியால் அல்ல, மாத்திரையால்.

முதியோர் பென்ஷனும் அப்படிப்பட்ட சமாசாரம்தான். தமிழ்நாட்டில் 1962-ல் மாதம் இருபது ரூபாயில் ஆரம்பித்தார்கள். 2023-ல் அது 1,200 ரூபாய் ஆயிற்று. நம் ஆயாவுக்கு அது வருகிறதா? வரவில்லை. ஆதார் கார்டு வேண்டும், பாங்கிக் கணக்கு வேண்டும், விலாசம் வேண்டும். குளத்துப் படிக்கட்டுக்குக் கதவு எண் ஏது? விவரம் தெரிந்த ஒருவர் அரை நாள் லீவு போட்டு, அவளைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப்போய், மனு எழுதிக் கொடுத்து, அப்புறமும் இரண்டு மூன்று தடவை நடந்தால் காரியம் நடக்கலாம். அதற்கு நேரமில்லாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணையாவது கூப்பிட்டு விவரம் கேட்கலாம். அதுவரை அவளுக்குப் பத்து ரூபாய் போடுவதை நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

குழந்தை நீட்டும் கை

'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்பார்கள். குழந்தைகள் விஷயத்தில் இந்தப் பழமொழியைக் கண்டிப்பாகவே கடைப்பிடிக்க வேண்டும். சிக்னலில் கார்க் கண்ணாடியைத் தட்டும் ஏழு வயதுப் பெண்ணின் கையில் விழும் காசு அவளிடம் இருக்கப் போவதில்லை. பின்னால் மர நிழலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கைக்குப் போகும். சில சமயம் அது பெற்ற தாயின் கையாகவும் இருக்கலாம். குழந்தை நன்றாகச் சம்பாதிக்கிறது என்று தெரிந்தால் பள்ளிக்கூடம் அனுப்ப யாருக்கு மனசு வரும்? முகம் வாடியிருந்தால் இன்னும் கூடுதலாக விழுமே என்ற கணக்கும் உண்டு. ஆயாவுக்குப் போட்ட காசு அவள் வயிற்றுக்காவது போனது. இது குழந்தையை அதே சிக்னலில் கட்டிப்போடும் கயிறு.

2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையைப் பிச்சையெடுக்க வைப்பவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் வைத்திருக்கிறது. அதற்காக அங்கஹீனம் செய்தால் ஏழு முதல் பத்து ஆண்டு. சட்டம் இருக்கிறது, கண்ணில் பட்டதைச் சொல்வார்தான் குறைவு.

பசி முகத்தில் தெரிந்தால் பன்னும் பாலும் வாங்கி, எதிரிலேயே தின்ன வையுங்கள். பாக்கெட்டைப் பிரித்துக் கொடுப்பது நல்லது. பிரிக்காத பாக்கெட் திரும்பவும் கடைக்கே போய்க் காசாகிவிடும். பிறகு 1098-க்குப் போன் செய்து, எந்தச் சந்திப்பு, என்ன வயது இருக்கும், கூட யார் நிற்கிறார்கள் என்று சொல்லுங்கள். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது.