இரையும் பழைய தொலைக்காட்சி: பின்மூடியைத் திறக்கும் முன்

கல்லங்குறிச்சியிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், பின்புறம் புடைத்த பழைய பெட்டித் தொலைக்காட்சியைக் கைவிட மனமில்லாமல் வைத்திருக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அவற்றுள் பல, தமிழக அரசு 2006 செப்டம்பர் 15 அன்று, அண்ணாவின் பிறந்தநாளில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின் வழியே வந்தவை. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் மாநிலமெங்கும் வழங்கப்பட்டன. இத்தனை ஆண்டு உழைத்த ஒரு பெட்டி இரையத் தொடங்குவதில் வியப்பில்லை. எங்களுக்குக் கவலை தருவது அந்த இரைச்சலன்று. அதை நிறுத்தும் பொருட்டு வீட்டில் ஒருவர் திருப்புளியைக் கையில் எடுப்பதுதான்.

படக்குழாய்ப் பெட்டிகளைப் பழுதுபார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் அருகிவிட்டனர். கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, "பிளக்கைப் பிடுங்கிவிட்டேன், இனி என்ன ஆகப்போகிறது?" என்று பின்மூடியைக் கழற்றுவது எளிதாகத் தோன்றுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் இந்தப் பெட்டிக்குள் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதே இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல விரும்பும் செய்தி.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம், பெட்டிக்குள் நுழைந்ததும் ஏறத்தாழ 320 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு, மெக்கானிக்குகள் கண்டென்சர் என்று சொல்லும் மின்தேக்கியில் சேர்கிறது. பழுதான பெட்டிகளில் இது வடியாமல் நெடுநேரம் நிற்கக்கூடும். அதைவிடப் பெரியது படக்குழாயில் இருப்பது. திரைக்குப் பின்னே, கண்ணாடியின்மேல் ஒரு ரப்பர்க் குல்லாய் ஒட்டியிருப்பதைக் காணலாம். அதன் அடியில் செல்வது ஏறத்தாழ 20,000 வோல்ட். படக்குழாயின் கண்ணாடிக்கு உள்ளும் புறமும் மின்கடத்தும் பூச்சு இருப்பதால், குழாயே ஒரு பெரிய மின்தேக்கியாகிறது. பெட்டியை அணைத்து நாள்கள் கடந்த பின்னும் அதில் மின்னூட்டம் எஞ்சியிருக்கலாம்.

அந்த மின்னூட்டத்தின் மொத்த அளவு சிறியதே. ஆனால் அது சுண்டும்போது கை தன்னையறியாமல் துள்ளும். துள்ளிய கை படக்குழாயின் மெல்லிய கழுத்தில் மோதினால் குழாய் உடையும். குழாயின் உள்ளே காற்றில்லை. ஆகவே உடைந்த கண்ணாடி முதலில் உள்நோக்கி நொறுங்கி, பின்னர் சில்லுகளாகச் சிதறும். கண்ணுக்கு அது எவ்வளவு கேடு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதயத் துடிப்புக் கருவி பொருத்தப்பட்டவர்களும் இதயநோயாளிகளும் திறந்த பெட்டியின் அருகே செல்லவே கூடாது.

வீட்டில் மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது கட்டாயம் இருக்க வேண்டிய சாதனம். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் தரைக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆயினும் பெட்டிக்குள் ஏற்கெனவே சேர்ந்துகிடக்கும் மின்னூட்டத்தை அது அறியாது. ஒரு கை ஓரிடத்திலும் மறு கை இன்னோரிடத்திலும் பட்டு, இரண்டுக்கும் இடையே மின்சாரம் பாய்ந்தாலும் அது விழாமல் இருந்துவிடலாம். அப்படிப் பாயும் வழியில் இருப்பது இதயம்.

அப்படியானால் இரைச்சலை என்ன செய்வது? வெளியிலிருந்தே காது கொடுத்துக் கேட்டாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். பெட்டியைப் போட்டவுடன் "கும்" என ஒருமுறை ஒலிப்பது, திரையில் படிந்த காந்தத்தன்மையை நீக்கும் சுருளின் ஒலி; இயல்பானது. சூடேறும்போதும் ஆறும்போதும் "டிக்", "சடக்" என அவ்வப்போது கேட்பது பிளாஸ்டிக் கூடு விரிந்து சுருங்குவதால். திரையருகே கையைக் கொண்டுசென்றால் மயிர் சிலிர்த்துச் சிறிது பொரிவதும் இயல்பே.

ஊசி குத்துவது போன்ற மெல்லிய கீச்சொலி ஒன்று உண்டு. நம் நாட்டு ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள், பெருக்கினால் 15,625. நொடிக்கு அத்தனை முறை துடிக்கும் மின்மாற்றியிலிருந்து, அதாவது மெக்கானிக்குகள் எல்.ஓ.டி. என்று அழைக்கும் பாகத்திலிருந்து, எழும் ஒலி அது. பேரப்பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளும். தாத்தாவுக்கோ ஒன்றும் கேட்காது. இருவரும் பொய் சொல்லவில்லை. வயது ஏற ஏற உயர்ந்த ஒலிகள்தாம் முதலில் காதுக்கு எட்டாமல் போகின்றன. குழந்தை "சத்தம் வருது" என்றால் அதட்டி உட்கார வைக்காதீர்கள்; அந்த ஒலி திடீரென உரத்துவிட்டதா என்பதை அந்தக் குழந்தையால் மட்டுமே சொல்ல முடியும்.

ஒலிபெருக்கியில் "ம்ம்ம்" என்ற முணுமுணுப்பு நீங்காமல் இருந்தால், கேபிள் இணைப்பிலோ உள்ளிருக்கும் மின்தேக்கியிலோ குறை இருக்கலாம். செட்டாப் பாக்ஸ், தொலைக்காட்சி இரண்டின் பிளக்கையும் எடுத்த பின்னர், உலர்ந்த கையுடன் கேபிளைக் கழற்றிவிட்டு, தொலைக்காட்சியை மட்டும் போட்டுப் பாருங்கள். முணுமுணுப்பு மறைந்தால் குறை கேபிள் பக்கம், கேபிள்காரரை அழையுங்கள். கேபிளின் உலோக முனையைத் தொடும்போது எப்போதாவது சுரீரென்று இருந்திருந்தால் இந்தச் சோதனையும் வேண்டாம்.

உடனே அணைக்க வேண்டிய ஒலிகள் வேறு. விடாத "சடசட", இடைவெளிவிட்டுப் பட்டாசு போல் "டப்… டப்", படமே வராமல் "டிக் டிக் டிக்" என்று தொடர்வது, இவற்றுடன் மூக்கைக் காந்தும் நெடியோ கருகல் வாடையோ வருவது: இவை மின்பொறி தாவுவதன் அடையாளங்கள். நம் மாவட்டத்தில் இதற்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் லாரிப் போக்குவரத்தும் நிறைந்த அரியலூர்ப் பகுதியில் தூசிக்குப் பஞ்சமில்லை. உயர் மின்னழுத்தம் தூசியைத் தன்பால் இழுத்துப் பாகங்களின்மேல் படிய வைக்கும். கோடை முழுதும் ஒன்றும் செய்யாத அந்தத் தூசி, ஐப்பசி அடைமழையில் ஈரம் ஏறியதும் மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். வெதுவெதுப்பை நாடி உள்ளே புகும் பல்லியும் இதையே செய்யும். மழைநாளில் மட்டும் பெட்டி பொரிகிறதென்றால், வெயில் வந்ததும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும் என்பது ஊரறிந்த வைத்தியம். அது பலிப்பதும் உண்மைதான். பலிக்கிறதென்றால் உள்ளே ஒரு பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். தட்டும்போது இரு முனைகளும் சேர்கின்றன; பின்னர் விலகி, பொறி விட்டு, சுற்றியுள்ள பலகையைச் சிறிது சிறிதாகக் கருக்குகின்றன.

அணைப்பதென்றால் ரிமோட்டில் அன்று. சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துப் பிளக்கை எடுங்கள். புகை வந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள்; ஈரச் சாக்கும் போடாதீர்கள். அருகில் செல்ல இயலாவிடில் மெயினை அணைத்து, எல்லோரையும் வெளியேற்றி, 101-ஐ அழையுங்கள். மின்கம்பியும் கேபிளும் இடி இடிப்பதற்கு முன்பே கழற்றப்பட வேண்டும். இடிக்கும்போது போய்க் கழற்றக் கூடாது.

இவ்வளவுக்குப் பின்னும் ஒருவருக்கு மின்தாக்கம் நேர்ந்துவிட்டால், முதலில் அவரைத் தொடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்துங்கள், முடியாதபோது உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்குங்கள். அழைத்தும் அசைவின்றி, இயல்பான மூச்சும் இல்லாதிருந்தால், 108-க்குச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, பெரியவராயின் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம். தீப்புண்ணில் பற்பசையோ மையோ மஞ்சளோ பூசாமல், மின்சாரம் நின்றது உறுதியான பின், ஓடும் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள்.

எழுந்து உட்கார்ந்து, "ஒன்றுமில்லை" என்று சொல்பவரையும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். மின்சாரம் தோலில் விட்ட புள்ளி சிறிதாயினும் உள்ளே தசை சிதைந்திருக்கலாம். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது அதன் அறிகுறி, சிறுநீரகத்துக்கும் அது ஆபத்து. இதயத் துடிப்பின் ஒழுங்கை இ.சி.ஜி. எடுத்துத்தான் அறிய முடியும். கருவுற்ற பெண்ணாயின் தாமதமே கூடாது. எந்தக் கையில் பட்டது, கீழே விழுந்தாரா, சிறிதாயினும் நினைவு தவறியதா என்பதை உடன் இருந்தவர் வந்து சொன்னால் மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

வீடு திரும்பி ஓய்வெடுக்கும் நோயாளிகளின் குடும்பத்தினருக்குத் தனியே ஒரு சொல். பொழுதுபோகட்டும் என்று பழைய பெட்டியைக் கட்டிலருகே கொண்டுவந்து வைப்பது அன்பினால் செய்வதுதான். ஆனால் ஆக்சிஜன் சிலிண்டரோ செறிவூட்டியோ பயன்படுத்துபவர் இருக்கும் அறையில் பொரியும் தொலைக்காட்சி இருக்கவே கூடாது. ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் சிறு பொறியும் சட்டெனத் தீயாகும். முன்பாரம் மிகுந்த அப்பெட்டியை ஆடும் ஸ்டூலின்மேல் வைத்தால், பிடித்து எழ முயலும் குழந்தையின்மேல் சாயும்.

இனி ஓட்டுவதில்லை என்று முடிவு செய்தால், செம்புக் கம்பிக்காக வாசலிலேயே உடைக்கும் பழைய சாமான்காரரிடம் கொடுக்காதீர்கள். படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் உடையாமல் ஒப்படையுங்கள்.

கடைசியாக, தொலைக்காட்சியை அணைத்து, பிளக்கையும் எடுத்த பின்னரும் "ஙொய்" என்ற இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர் சொன்னால், மெக்கானிக்கைத் தேட வேண்டியதில்லை. அது காதிரைச்சலாக இருக்கலாம். காதில் சேர்ந்த அழுக்கு, செவித்திறன் குறைதல், இரத்த அழுத்தம், உட்கொள்ளும் சில மாத்திரைகள் எனக் காரணங்கள் பல. அவர் சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.